கொலராடோ மலையூர்களும் சிறு பீர் ஆலைகளும்: காரில் சுற்றப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டென்வரில் காரை வாடகைக்கு எடுத்து, லெட்வில், சலைடா, அலமோசா, டுராங்கோ, சில்வர்ட்டன், யூரே என்று மலையூர்களைச் சுற்றிவிட்டு மறுபடியும் டென்வருக்கே திரும்பும் பயணம் இது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இந்த வட்டத்தை நான் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். அதில் ஒரு முறை தவறான திசையில். அங்கே போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராஃப்ட் பீர் என்று எதைச் சொல்கிறார்கள்?

பெருநிறுவனத்தின் கையில் சிக்காத ஒரு சிறிய ஆலை, தன் ருசிக்கும் தன் ஊராரின் ருசிக்கும் ஏற்பக் காய்ச்சும் பீர் என்று பொதுவாகச் சொல்லலாம். போல்டர் நகரில் இயங்கும் புரூவர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்குள் இருக்க வேண்டும். கிராஃப்ட் ஆலையாக இல்லாத மதுபான நிறுவனம் எதற்கும் அதில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 117 லிட்டர் என்பதால், 60 லட்சம் பீப்பாயைச் 'சிறிய' என்று சொல்வது வேடிக்கைதான். ஆனால் நாம் போகிற மலையூர்களில் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. பின்கட்டில் நான்கைந்து எஃகுத் தொட்டிகள், முன்கட்டில் பத்துப் பன்னிரண்டு மேசைகள், நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. பெரும்பாலான ஆலைகள் அவ்வளவுதான்.

பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஃபோர்ட் காலின்ஸில் 1991-இல் தொடங்கிய நியூ பெல்ஜியம் ஆலை, 2019-இல் ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1990-இல் ஒரு பனிச்சறுக்கு ஊரில் பிறந்த பிரெக்கன்ரிட்ஜ் ஆலையை 2015-இல் ஏபி இன்பெவ் என்ற பன்னாட்டு பீர் நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது. பீர் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. அதைக் குடிப்பதற்காக மலையேற வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இதற்குக் கொலராடோவையே ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அமெரிக்கச் சிறு ஆலைகளின் வரலாற்றில் பாதியை இந்த மாநிலத்தின் ஒரு மூலையில் நின்றே சொல்லிவிடலாம். 1873-இல் அடால்ஃப் கூர்ஸ் என்ற ஜெர்மானியர் கோல்டன் என்ற சிற்றூரில் தொடங்கிய ஆலை இன்றும் அங்கேயே, பிரம்மாண்டமாக, நிற்கிறது. நாடு முழுவதற்கும் மதுவிலக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1916 ஜனவரி முதல் நாளில், கொலராடோ மதுவிலக்கை அமல்படுத்தியது. அந்தக் காலத்தைக் கூர்ஸ் குடும்பம் மால்ட் கலந்த பால்பொடியும் பீங்கான் பொருள்களும் விற்றுத் தாண்டியது; சிறிய ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை, மூடிவிட்டார்கள்.

வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்வதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-இல்தான். மறு ஆண்டே, பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர்கள் இருவர் போல்டருக்கு அருகில் ஓர் ஆட்டுக் கொட்டகையில் பீர் ஆலை தொடங்கினார்கள். மாநிலத்தின் முதல் கிராஃப்ட் ஆலை அது. 1982-இல் போல்டரில் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் திருவிழா பின்னர் டென்வருக்கு மாறியது. 1988-இல் வேலையிழந்த நிலவியலாளர் ஒருவரும் நண்பர்களும் டென்வர் ரயில் நிலையத்தின் எதிரே, பாழடைந்து கிடந்த கிடங்குப் பகுதியில், விங்கூப் என்ற ஆலையையும் உணவகத்தையும் திறந்தார்கள். அந்த நிலவியலாளர் ஜான் ஹிக்கன்லூப்பர். பிற்பாடு டென்வர் மேயராகவும் மாநில ஆளுநராகவும் இருந்து, அமெரிக்கச் செனட்டர் ஆனவர். பீர் காய்ச்சத் தெரிந்தால் ஆளுநராகலாம் என்று அந்த ஊரில் இன்றைக்கும் கேலியாகச் சொல்வார்கள்.

மலையூர்கள் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன?

அவை சுரங்கம் தோண்டுவதற்காகப் பிறந்த ஊர்கள். சுரங்கம் போன பிறகு என்ன செய்வது என்று யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. சில்வர்ட்டனும் யூரேயும் இருக்கும் சான் வான் மலைத்தொடர் யூட் பழங்குடியினரின் நிலம். 1873-இல் செய்யப்பட்ட புருனோ ஒப்பந்தம் அதைச் சுரங்கக்காரர்களிடம் ஒப்படைத்தது. யூரே என்ற ஊரின் பெயரே அந்த மக்களின் தலைவர் ஒருவருடைய பெயர்தான்.

வெள்ளி கிடைத்த காலத்தில் இந்த ஊர்களில் நாடக அரங்கும் செங்கல் மாளிகைகளும் எழுந்தன. லெட்வில்லில் 1879-இல் கட்டிய டேபர் ஆப்பரா ஹவுஸ் இன்றும் இருக்கிறது. 1893-இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்து, ஊர்கள் ஒரே ஆண்டில் ஆட்டம் கண்டன. எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. சில்வர்ட்டனின் கடைசிப் பெரிய சுரங்கம் மூடியது 1991-இல். நிறைய காலிக் கட்டடம், மலிவான வாடகை, போக மனமில்லாத கொஞ்சம் மக்கள், எட்டு மாதக் குளிர்: இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒருவன் பீர் காய்ச்சத் தொடங்குவான், இன்னொருவன் கழுதைப் பந்தயம் நடத்துவான். என் கணக்கில் ஆலையும் விசித்திரமும் ஒரே காரணத்தில் முளைத்தவை. அதனால்தான் ஆலைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் பயணத்தில் பாதியை இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கெங்கே தங்க வேண்டும்?

ஒன்பது நாள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். டென்வரில் இரண்டு இரவு, லெட்வில்லில் ஒன்று, சலைடாவில் ஒன்று, டுராங்கோவில் இரண்டு, சில்வர்ட்டனில் ஒன்று, யூரேயில் ஒன்று. ஒன்பதாம் நாள் யூரேயிலிருந்து மான்ட்ரோஸ், கன்னிசன் வழியாக 3,448 மீட்டர் உயர மொனார்க் கணவாயைத் தாண்டி டென்வர் திரும்பலாம். நிறுத்தங்கள் போக ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: எந்த ஊரில் தூங்குகிறோமோ அந்த ஊரில் மட்டுமே குடிப்பது, அதுவும் காரை விடுதியில் நிறுத்திவிட்டு நடந்துபோய். இந்த ஊர்களின் கடைத்தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம் என்பதால் விதி தானாகவே நிறைவேறும்.

டென்வரில் தங்கும் நாள்களில் மலைப்பக்கம் போய்வர முடியுமா?

நெடர்லாண்ட் போய் வாருங்கள். போல்டரிலிருந்து ஆற்றோரமாக ஏறும் பாதையில் அரை மணி நேரம். உயரம் சுமார் 2,500 மீட்டர். உறைந்த தாத்தாவால் பெயர் பெற்ற ஊர் அது. பிரெடோ மோர்ஸ்டோல் என்ற நார்வேக்காரர் 1989-இல் இறந்தபின், என்றாவது உயிர்ப்பிக்க முடியும் என்ற நம்பிக்கையில் அவருடைய உடலைப் பேரன் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 1993 முதல் நெடர்லாண்டில் ஒரு கொட்டகையில் உலர்பனிக்கட்டிக்குள் வைத்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் நகர மன்றம் வீட்டில் பிணம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் தாத்தாவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2002 முதல் அவர் பெயரில் சவப்பெட்டி ஓட்டப் பந்தயத்துடன் திருவிழாவும் நடந்தது. 2023-இல் திருவிழாவும் தாத்தாவும் எஸ்டெஸ் பார்க் என்ற பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நெடர்லாண்டில் இப்போது மிச்சமிருப்பது, போருக்குப் போய் வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கையால் செதுக்கிய மர விலங்குகளுடன் 2010-இல் திறக்கப்பட்ட ராட்டினம். எனக்கு அதுவே போதும்.

லெட்வில் உயரத்தில் பீரின் ருசி மாறுமா? உடம்புக்கு ஆகுமா?

லெட்வில் 3,094 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்று நினைத்துப் பார்த்தால் ஊரின் நிலை புரியும். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இதை நான் பீரில் அல்ல, சோற்றில் கண்டுபிடித்தேன். சமையலறையோடு கூடிய அறை எடுத்து, டென்வரில் வாங்கிய பொன்னி அரிசியைத் திறந்த பாத்திரத்தில் உலையேற்றினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, ஆவி பறந்தது, நாற்பது நிமிடம் ஆனது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் வெளியே குழைந்தும் நடுவில் வெள்ளைப் புள்ளியாக அரிசி அப்படியேயும் இருந்தது. குக்கர் இல்லாமல் அந்த ஊரில் சோறு பொங்க முடியாது.

பீர் காய்ச்சுகிறவருக்கும் அதே தொல்லைதான். முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைக்கும்போது, அந்தப் பூவிலிருக்கும் அமிலம் சூட்டில் உருமாறித்தான் பீருக்குக் கசப்பு வருகிறது. சூடு குறைந்தால் அந்த மாற்றமும் மந்தமாகும். ஆகவே கடலோர ஊரில் கிடைக்கும் அதே கசப்பு வேண்டுமென்றால் பூவை அதிகம் போட வேண்டும், அல்லது கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும். கோப்பையில் நுரையும் கூடுதலாகப் பொங்கும். காற்றழுத்தம் குறைவு என்பதால் கரைந்திருக்கும் வாயு அவசரமாக வெளியேறுகிறது. காரில் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பியிருப்பதும் அதே காரணத்தால்தான்.

உடம்பைப் பொறுத்தவரை, 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரக்கூடும். மறுநாள் காலைத் தலைவலிக்குக் காரணம் உயரமா, பீரா என்று பிரித்தறிய முடியாது என்பதே முதல் காரணம், அங்கே முதல் இரவில் குறைவாகக் குடிக்க. டென்வரில் இரண்டு இரவு தங்கச் சொன்னதும் உடம்பு பழகத்தான். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூச்சுத்திணறல் கூடினாலோ தலைவலி தணியாவிட்டாலோ கீழே இறங்குவதே மருந்து. இதயம், நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

கழுதைப் பந்தயம் உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது, அதுவும் மாநிலத்தின் அதிகாரபூர்வ கோடைகாலப் பாரம்பரிய விளையாட்டு என்று 2012-இல் அறிவிக்கப்பட்ட பெருமையோடு. ஜூலைக் கடைசியில் ஃபேர்பிளேயிலும் ஆகஸ்டில் லெட்வில்லிலும் பார்க்கலாம். கழுதையின் மேல் ஏறக் கூடாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே கணவாய் வரை ஓடித் திரும்ப வேண்டும். கழுதையின் முதுகில் கடப்பாறைக்கோடாலி, மண்வெட்டி, தங்கம் அரிக்கும் தட்டு என்று சேணத்தோடு 33 பவுண்டு, அதாவது 15 கிலோ, சுமை இருக்க வேண்டும். ஓடுகிறவர் எவ்வளவு வேகமானவர் என்பதைவிட, கழுதைக்கு அன்றைக்கு மனம் எப்படி என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மார்ச் மாதத் தொடக்கத்தில் போனால் லெட்வில் கடைத்தெருவில் பனியைக் கொட்டி, குதிரை இழுக்கப் பனிச்சறுக்குக்காரர்கள் பறக்கும் போட்டியைப் பார்க்கலாம். அது 1949 முதல் நடக்கிறது.

சலைடாவில் ஜூன் நடுவில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவும் 1949-இல் பிறந்ததுதான். அதில் ஒரு போட்டிக்கு விதி இவ்வளவே: மிதக்க வேண்டும், ஆனால் படகாக இருக்கக் கூடாது.

சலைடாவிலிருந்து டுராங்கோ வரை ஒரே நாளில் ஓட்டுவது சலிப்பாக இருக்காதா?

நிறுத்தங்கள் சேர்த்தால் ஏழு மணி நேரம் ஆகும். மலை விலகி, சான் லூயிஸ் பள்ளத்தாக்கு என்ற பரந்த சமவெளியில் சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். பலர் இதைத் தூங்கிக் கழிப்பார்கள். எனக்கோ பயணத்தின் மையமே இந்தப் பகுதிதான், ஏனென்றால் பீர் இங்கேதான் வயலாக நிற்கிறது. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு ஒரு சாண் மழைகூடப் பெய்யாத நிலத்தில், ரியோ கிராண்டே ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் விளைவிக்கிறார்கள். கூர்ஸ் ஆலைக்கு வாற்கோதுமை காலங்காலமாக இங்கிருந்து போயிருக்கிறது. அலமோசாவுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் தானியத்தைத் தாங்களே முளைகட்டி, உலர்த்தி, சிறு ஆலைகளுக்கு விற்கிறது. ஜூலையில் போனால் கதிர்களின் நீண்ட மீசை காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து வெள்ளிபோல் மினுங்கும். வண்டியை ஓரங்கட்டி ஒரு கதிரைக் கூர்ந்து பார்த்த பிறகு அன்றைய மாலைப் பீருக்கு வேறொரு அர்த்தம் கிடைத்தது.

அதே சாலையில் ஹூப்பர் ஊருக்கு அருகே, பறக்கும் தட்டு பார்ப்பதற்கென்று 2000-இல் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். கீழே, வந்தவர்கள் விட்டுச் சென்ற பொருள்களால் நிறைந்த ஒரு தோட்டம். நாங்கள் போனது பகல் பன்னிரண்டு மணி. தட்டு எதுவும் வரவில்லை.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

மேலே சொன்ன வரிசைப்படி, சில்வர்ட்டனிலிருந்து வடக்கே யூரேக்கு. காரணம் யு.எஸ். 550 சாலை. 'மில்லியன் டாலர் நெடுஞ்சாலை' என்று பெயர் பெற்ற இந்த 40 கிலோமீட்டர், 1880-களில் ஓட்டோ மியர்ஸ் போட்ட சுங்கச் சாலையின் வழித்தடத்தில் போகிறது. 3,358 மீட்டர் உயர ரெட் மவுண்டன் கணவாயைத் தாண்டி யூரே நோக்கி இறங்கும் பகுதியில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. குளிர்காலத்தில் வண்டிகள் பனியை விளிம்புக்கு அப்பால் தள்ள வேண்டியிருப்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் வடக்கே போகிறவர் பாறையை ஒட்டிப் போவார். தெற்கே போகிறவர் பள்ளத்தை ஒட்டி.

முதல் முறை நாங்கள் யூரேயிலிருந்து தெற்கே போனோம். சாலையோர வெள்ளைக் கோடு, அதன் பிறகு ஒரு சாண் தார், அதன் பிறகு வானம். பின்னிருக்கையில் இருந்த என் அக்கா பாறைப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார், அவருடைய எடையால்தான் வண்டி நிலைத்து நிற்கிறது என்பதுபோல. யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை திசையை மாற்றியதும் அதே சாலையில் செந்நிற மலைகளையும், சரிவில் கருத்து நிற்கும் பழைய சுரங்க மரச் சட்டங்களையும் பார்க்க முடிந்தது.

டுராங்கோ, சில்வர்ட்டன், யூரே மூன்றில் எதை விடலாம்?

எதையும் விட வேண்டாம், ஆனால் டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்கு ஓட்டுநர் தவிர மற்றவர்கள் ரயிலில் வரலாம். 1882-இல் போட்ட, அகலம் குறைந்த தண்டவாளம். 72 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். டுராங்கோவில் ஸ்கா ஆலை 1995 முதல் இருக்கிறது. சில்வர்ட்டனில் தார் போட்ட தெரு ஒன்றே ஒன்று, மற்றவை மண்தெரு. யூரேயில் 1927-இல் திறந்த வெந்நீர்க் குளத்தில் ஊறிவிட்டு, கடைத்தெரு ஆலைக்கு நடந்து போனால் அங்கே பீர் ஊற்றித் தரும் மேடையின் முன்னால் நாற்காலிக்குப் பதிலாக ஊஞ்சல்கள் தொங்கும். மூன்றாவது கோப்பையை அவை அனுமதிப்பதில்லை.

ஒரு கோப்பை மட்டும் குடித்துவிட்டு ஓட்டலாமா?

வேண்டாம். இரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது அமெரிக்காவில் பொதுவான எல்லை என்றாலும், கொலராடோவில் 0.05-ஐத் தாண்டினாலே திறன் குன்றி ஓட்டியதாக வழக்குப் போடலாம். கிராஃப்ட் பீர்களில் ஏழு, எட்டு சதவீத வகைகள் சாதாரணம். திறந்த பாட்டிலோ கேனோ பயணிகள் பகுதியில் இருப்பதும் குற்றம். ருசி பார்க்க மட்டும் விரும்பினால் 'ஃப்ளைட்' கேளுங்கள். மரப்பலகையில் நான்கைந்து சிறு கோப்பைகள் வரும். அவற்றையும் கூட்டினால் ஒரு முழுக் கோப்பைக்கு மேலாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்பார்கள், ஆகவே பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை வழக்கம் என்பதால் கணவாய்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். விடுதி கிடைக்காது, ஆனாலும் போங்கள்.

காரில் கவனிக்க வேண்டியது என்ன?

பெட்ரோல் பங்கில் மிக மலிவான வகை அங்கே 85 ஆக்டேன். பெரும்பாலான புதிய வண்டிகளின் கையேடு குறைந்தது 87 கேட்கும். நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

சைவ உணவு கிடைக்குமா? குடிக்காதவர்கள், குழந்தைகள் வரலாமா?

கிடைக்கும், ஆனால் 'கிரீன் சிலி' என்ற பச்சைமிளகாய்க் குழம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொலராடோவில் அதைப் பெரும்பாலும் பன்றியிறைச்சி சேர்த்தே காய்ச்சுகிறார்கள். கேட்டால் சைவமானது இருக்கிறதா என்று சொல்வார்கள். உணவகத்தோடு கூடிய ஆலைகளில் குழந்தைகள் சகஜமாக உட்கார்ந்திருப்பார்கள். மதுவில்லாத ரூட் பீரைத் தாங்களே தயாரிக்கும் ஆலைகளும் உண்டு. லெட்வில் போகும் வழியில், ஐடஹோ ஸ்பிரிங்ஸில் 1994 முதல் இயங்கும் டாமிநாக்கர் ஆலையுடையது பேர் பெற்றது. டாமிநாக்கர் என்பது சுரங்கச் சுவரைத் தட்டி ஆபத்தை உணர்த்தும் குட்டிப் பூதம் என்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் நம்பினார்களாம். அந்தக் கதையைக் கேட்ட என் அக்கா மகள், ரூட் பீர் தீரும் வரை சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஊருக்குப் பீர் வாங்கி வரலாமா?

கேனாக வாங்குங்கள், பாட்டில் உடையும். 2002-இல் லயன்ஸ் என்ற சிற்றூரின் ஆஸ்கர் புளூஸ் ஆலை தன் 'பேல் ஏல்' வகைப் பீரைக் கேனில் அடைத்தபோது பலர் சிரித்தார்கள். இப்போது மலையேறுகிறவர்கள் எல்லோரும் கேனைத்தான் கேட்கிறார்கள். 'கிரவுலர்' என்ற பெரிய குப்பியில் நிரப்பித் தருவதை இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும், அது விமானத்துக்கு ஆகாது. இந்தியாவுக்குள் சுங்கவரியின்றி ஒருவர் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். 355 மில்லி கேன்களாகக் கணக்கிட்டால் ஐந்து. அவற்றைப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் நுழைத்துவிடுங்கள்.